மூக்குத்தியும் முகவுரையும்: தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் சில பிரிவுகளுக்கு ஓர் உரை

தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு 1996 மே 8 அன்று அரசியலமைப்பு அவையில் நிறைவேறியது. அவைக்குத் தலைவர் சிரில் ராமபோசா. ஆனால் உடனே அது நடைமுறைக்கு வந்துவிடவில்லை. நிறவெறி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்த பேச்சுவார்த்தைகளில் கட்சிகள் ஒப்புக்கொண்டிருந்த 34 கோட்பாடுகளோடு அதை ஒத்துப் பார்த்த அரசியலமைப்பு நீதிமன்றம், செப்டம்பரில் திருப்பி அனுப்பியது. திருத்திய வரைவுக்கு டிசம்பர் 4 அன்று சான்று கிடைத்தது. டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் நெல்சன் மண்டேலா கையெழுத்திட்டார். 1960இல், கறுப்பரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டங்களை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டு 69 பேர் செத்த ஊர் அது.

முழு நூலுக்கும் உரை எழுதுவது இங்கே நோக்கமில்லை. குடியுரிமையையும் அடையாளத்தையும் தொடும் ஐந்தாறு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சட்ட வாசகத்தை வரிக்கு வரி தராமல், கருத்தை என் தமிழில் தருகிறேன்.

படிக்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறவெறி ஆட்சி மக்களின் பண்பாட்டை நசுக்கிய ஆட்சி என்றே நாம் பொதுவாக நினைக்கிறோம். நசுக்கியது உண்மை. ஆனால் அது வாய் திறந்தால் பேசியதே பண்பாடுதான். ஜூலுக்களுக்குத் தனிப் பண்பாடு, ஆகவே தனி மண். சோசாக்களுக்குத் தனி மொழி, ஆகவே தனி நாடு. இந்தியர்களுக்குத் தனி மரபு, ஆகவே தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளி, தனிச் சவப்பெட்டி வண்டி. பன்மையைப் புகழ்ந்துகொண்டே மனிதர்களைக் கூறுபோட்டது அந்த ஆட்சி. அதிலிருந்து மீண்டு எழுதியவர்கள் 'பண்பாடு' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் கையோடு ஒரு கடிவாளத்தையும் போட்டிருக்கிறார்கள். இந்த உரை அந்தக் கடிவாளத்தைத் தேடிப் போகிறது.

முகவுரை

*கருத்து: தென்னாப்பிரிக்க மக்களாகிய நாங்கள், கடந்த காலத்தின் அநீதிகளை ஒப்புகிறோம், நீதிக்கும் விடுதலைக்கும் துன்பப்பட்டவர்களைப் போற்றுகிறோம், இந்நாட்டைக் கட்டி வளர்க்க உழைத்தவர்களை மதிக்கிறோம், வேறுபாடுகளோடு ஒன்றுபட்ட இந்நாடு இதில் வாழும் எல்லோருக்கும் உரியது என்று நம்புகிறோம்.*

எடுத்த எடுப்பில் பெருமை பேசுவது முகவுரைகளின் வழக்கம். இது அநீதியில் தொடங்குகிறது. பெருமைக்கு முன் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வாசகத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாட்டைக் கட்டி வளர்த்தவர்கள் யார்? பெயர் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தங்கச் சுரங்கத்தில் இறங்கிய பசூட்டோவும் மொசாம்பிக்காரரும் அதில் அடங்குவர். நிலத்தைப் பண்படுத்திய வெள்ளை ஆஃப்ரிகானர் விவசாயியும் அடங்குவார். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்த ட்ரூரோ கப்பலின் கூலிகளும் அடங்குவர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். பெரும்பகுதி தமிழ், தெலுங்கு மாவட்டத்தார். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. அந்த வரியை எதிர்த்த சத்தியாகிரகத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்தார். வரி போனது; 'நீ இங்கே விருந்தாளி' என்ற பார்வை போகவில்லை. இந்தியர்களைத் திருப்பி அனுப்பும் கொள்கையைக் கைவிட்டு, நாட்டின் நிரந்தர மக்களாக அரசு அவர்களை ஏற்றதே 1961இல்தான். ட்ரூரோ வந்து 101 ஆண்டுகள் கழித்து.

'வாழும் எல்லோருக்கும் உரியது' என்பது இவர்கள் புதிதாகக் கண்ட வாசகமல்ல. 1955 ஜூனில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கிளிப்டவுனில் கூடிய மக்கள் மாநாட்டின் சுதந்திர சாசனத்திலிருந்து வந்தது. அங்கே கறுப்பர், வெள்ளையர் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். அது எல்லோருக்கும் இனிக்கவில்லை. மண்ணைப் பறித்தவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் ஒரே உரிமையா என்று கேட்டு ஒரு பிரிவு வெளியேறியது. ராபர்ட் சொபுக்வே தலைமையில் 1959இல் பிறந்த பான் ஆப்பிரிக்க காங்கிரசுக்கு இது ஒரு முக்கிய காரணம். அந்தக் கேள்வியை அற்பம் என்று தள்ளிவிட முடியாது. நிலம் இன்னமும் பெரும்பாலும் பழைய கைகளில் இருக்கும் நாட்டில் அது வேறு வேறு குரலில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இந்த வாசகத்தில் உண்டு. முகவுரை சொல்வது 'வாழும் எல்லோரும்'. அடுத்து வரும் பிரிவு 3 பேசுவது 'குடிமக்கள்'. இரண்டும் ஒன்றல்ல. 1980களில் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட மொசாம்பிக் மக்களுக்கு முதியோர் உதவித்தொகை, குழந்தை உதவித்தொகை கிடையாது என்றது அரசு, குடிமக்களுக்கு மட்டும்தானாம். கோசா வழக்கில் 2004இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சமூகப் பாதுகாப்பு உரிமையை அரசியலமைப்பு 'எல்லோருக்கும்' என்று எழுதியிருக்கிறது, நிரந்தரமாகத் தங்கியவர்களை அதிலிருந்து விலக்க முடியாது என்றது.

தெருவில் வேறு தீர்ப்பு வழங்கப்பட்டது. 2008 மே மாதம் அயல்நாட்டார்மீது நடந்த தாக்குதல்களில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். தாக்க வந்தவர்கள் ஆளை நிறுத்தி முழங்கையைக் காட்டி 'இதற்கு ஜூலுவில் என்ன பெயர்?' என்று கேட்டார்கள். சொல்லத் தெரியாதவன் வெளிநாட்டான். சோங்காவும் வெண்டாவும் பேசுகிற, நிறம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்த உள்ளூர்க்காரர்கள் இந்தக் கேள்வியில் தோற்றார்கள். நிறவெறி அதிகாரிகள் ஒருவரின் இனத்தைத் தீர்மானிக்கத் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்த நாடு இது. பென்சில் போய் முழங்கை வந்தது.

பிரிவு 3

*கருத்து: தென்னாப்பிரிக்கக் குடியுரிமை பொதுவானது, ஒன்றே. குடிமக்கள் அனைவரும் அதன் உரிமைகளுக்கும் சலுகைகளுக்கும் சமமாக உரியவர்கள். அதன் கடமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் சமமாகக் கட்டுப்பட்டவர்கள்.*

வெளியிலிருந்து படிப்பவருக்கு இது சப்பென்று இருக்கும். ஒரு நாட்டுக்கு ஒரு குடியுரிமை என்பதை எழுதித்தான் வைக்க வேண்டுமா?

வைக்க வேண்டியிருந்தது. 1970இல் வந்த ஒரு சட்டம் கறுப்பர் ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு 'தாயக'த்தின் குடிமகன் ஆக்கியது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து அங்கேயே வேலை பார்த்து, சோசா பேசும் ஒரே காரணத்துக்காக, வாழ்நாளில் கால் வைக்காத டிரான்ஸ்கையின் குடிமகன் ஆனவர்கள் எத்தனையோ பேர். 1976இல் டிரான்ஸ்கைக்கு 'சுதந்திரம்' கொடுத்தார்கள். அன்றே அவர்களின் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை பறிபோனது. 1977இல் போபுத்தட்ஸ்வானா, 1979இல் வெண்டா, 1981இல் சிஸ்கை. தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகில் எந்த நாடும் இவற்றை ஏற்கவில்லை. இப்படிக் குடியுரிமை இழந்தவர்கள் சுமார் 80 லட்சம் பேர். இந்தக் கொள்கை முழுதாக நிறைவேறினால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையுள்ள கறுப்பர் ஒருவரும் மிஞ்சமாட்டார் என்று அமைச்சர் கோனி முல்டர் 1978இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஒருவரை நாட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. அவர் நிற்கும் இடத்தை நாட்டிலிருந்து பேச்சளவில் வெட்டி எடுத்துவிட்டால் போதும்.

இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் வேறு உபாயம். 1983இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தை மூன்றாகப் பிரித்தது: வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தாருக்கு ஓர் அவை, இந்தியருக்கு ஓர் அவை. கறுப்பருக்கு ஒன்றுமில்லை. அந்தந்த இனத்தின் 'சொந்த விவகாரங்கள்' அந்தந்த அவைக்கு. இந்தியர் அவைக்கு 1984இல் நடந்த தேர்தலை டர்பன் இந்தியர்கள் பெரும்பான்மையாகப் புறக்கணித்தார்கள். எஜமான் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கொடுத்தார்கள், போய் உட்கார மறுத்தார்கள்.

இவ்வளவையும் கூட்டிப் படித்தால்தான் 'பொதுவானது' என்பதன் கனம் தெரியும். எல்லோரும் ஒரே மாதிரி இருங்கள் என்று அது கேட்கவில்லை. உன் மொழி என்ன, பாட்டன் யார் என்பதை வைத்து உன் குடியுரிமையை வேறு ஊருக்கு அனுப்ப முடியாது என்று மட்டும் சொல்கிறது.

பிரிவு 20ஐயும் இங்கேயே சேர்த்துப் படித்துவிடலாம். ஒரே வரி: எந்தக் குடிமகனிடமிருந்தும் குடியுரிமையைப் பறிக்கக் கூடாது. இந்த ஒரு வரிக்கு அண்மையில் வேலை வந்தது. 1995இன் குடியுரிமைச் சட்டப்படி, அமைச்சரிடம் முன் அனுமதி வாங்காமல் இன்னொரு நாட்டின் குடியுரிமை பெற்றவர் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையைத் தானாக இழப்பார். லண்டனிலும் சிட்னியிலும் பாஸ்போர்ட் வாங்கிய பலருக்குத் தாங்கள் இழந்ததே தெரியாது. தூதரகத்தில் பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனபோதுதான் தெரியவந்தது. 2025 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று உறுதிசெய்தது. அதனால் இழந்தவர்கள் இழக்கவேயில்லை என்றது. இரண்டு நாட்டுக்கு விசுவாசம் இருக்க முடியுமா என்று நம்மூரில் கேட்பார்கள். இந்தியச் சட்டம் முடியாது என்கிறது. குடியுரிமைப் பறிப்பையே ஆயுதமாக ஏந்திய அரசைக் கண்ட நாடு, அந்தக் கத்தி எந்த அமைச்சரின் மேசையிலும் கிடக்கக் கூடாது என்று நினைப்பதில் வியப்பில்லை.

பிரிவு 6

*கருத்து (1996 வாசகம்): ஆட்சிமொழிகள் பதினொன்று. வரலாற்றில் தேய்ந்துபோன மண்ணின் மொழிகளை உயர்த்த அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். எல்லா ஆட்சிமொழிகளும் சம மதிப்புப் பெற வேண்டும். மொழிகளுக்கென ஒரு வாரியம் வேண்டும்.*

1996இல் எழுதிய பட்டியல் செபெடியில் தொடங்கி ஜூலுவில் முடிந்தது. அதுவரை ஆட்சியில் இருந்த ஆஃப்ரிகான்சும் ஆங்கிலமும் ஏழாவது, எட்டாவது இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கின்றன. 2023இல் சைகை மொழியையும் சேர்த்துப் பன்னிரண்டாக்கினார்கள். ஆஃப்ரிகான்சில் பாடம் நடத்தக் கூடாது என்று 1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவின் பிள்ளைகள் தெருவுக்கு வந்து உயிர் கொடுத்த நாட்டில், அந்த ஆஃப்ரிகான்சையும் பட்டியலில் வைத்தது பெரிய மனது.

தாளில் சமம், நடப்பில் ஆங்கிலம். 2022 கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 8.7 சதவீதம்தான், ஜூலு பேசுவோர் 24.4 சதவீதம். ஆனால் 2017இல் உயர் நீதிமன்றங்களின் பதிவு மொழி ஆங்கிலம் மட்டுமே என்றாயிற்று. ஜூலு பேசும் சாட்சி, ஜூலு பேசும் வழக்கறிஞர், ஜூலு பேசும் நீதிபதி: நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; பதினொன்றில் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் வலுத்தது தானே தேர்வாகிவிடும்.

நமக்குப் பழக்கமான பெயர் இந்தப் பிரிவின் கடைசியில் வருகிறது. வாரியத்தின் கடமையைச் சொல்லும் உட்பிரிவு 5இல் ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துக்கீசியம், தமிழ், தெலுங்கு, உருது. ஒரு நாட்டின் அரசியலமைப்புக்குள் தமிழ் பெயர் சொல்லி நிற்பதை மேடைகளில் பெருமையோடு சொல்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வாசகத்தைக் கூர்ந்து பாருங்கள். ஆட்சிமொழிகள், கோய், நாமா, சான் மொழிகள் ஆகியவற்றை வளர்த்து, அவை புழங்குவதற்கான சூழலையும் வாரியம் உண்டாக்க வேண்டும். தமிழ் உள்ள பட்டியலுக்கு ஊக்கமும் மரியாதையும் மட்டும். நாட்டின் ஆதிகுடிகளின் மொழிக்கு ஒரு கடன், கப்பலில் வந்த மொழிக்கு ஒரு மரியாதை. நியாயமான பாகுபாடு என்றே நினைக்கிறேன். டர்பனிலும் அதை ஒட்டிய இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்று வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். கோவிலில் தேவாரம் ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடப்படுகிறது. கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும் முதலி 'மூட்லி' ஆகவும் ஆகி நான்கைந்து தலைமுறை போய்விட்டது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் பையனுக்கு முருகன் புரிகிறான், பாட்டு புரிவதில்லை. அவன் தமிழன்தானா என்று சென்னையில் உட்கார்ந்து தேர்வு வைப்பது, முழங்கைக்கு என்ன பெயர் என்று கேட்ட ஆட்களின் வேலை.

பிரிவுகள் 30, 31

*கருத்து (30): தான் விரும்பிய மொழியைப் புழங்கவும், விரும்பிய பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு; உரிமை மசோதாவின் (அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தின்) எந்த விதிக்கும் முரணாக அதைச் செலுத்தக் கூடாது.*
*கருத்து (31): ஒரு பண்பாட்டு, சமய, மொழிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், அச்சமூகத்தின் பிறரோடு சேர்ந்து தம் பண்பாட்டில் திளைக்கவும், சமயத்தைப் பின்பற்றவும், மொழியைப் பேசவும், சங்கங்கள் அமைக்கவும் உள்ள உரிமையை மறுக்கக் கூடாது, இதுவும் உரிமை மசோதாவுக்கு முரணாகக் கூடாது.*

கடிவாளம் இங்கே இருக்கிறது. முதலில் 'விரும்பிய'. பண்பாடு பிறப்போடு ஒட்டிய முத்திரை என்றது நிறவெறிச் சட்டம்; அது நீ தேர்ந்துகொள்வது என்கிறது பிரிவு 30. அடுத்து 'சேர்ந்தவர்கள்'. 31 தனி ஆளைத் தாண்டிக் கூட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் உரிமையைச் சமூகத்தின் கையில் கொடுக்காமல், சமூகத்தைச் சேர்ந்த மனிதர்களிடமே விட்டிருக்கிறது. பெரியவர்கள் கூடிப் பேசி, எங்கள் பண்பாடு இதுதான் என்று ஒரு பெண்ணைக் கட்டிப்போட இதில் வழியில்லை.

கேப் டவுனை ஒட்டிய கயெலிட்ஷாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இது சோதிக்கப்பட்டது. தந்தை 2002இல் இறந்தார். இரண்டு சிறு மகள்கள். மரபுச் சட்டப்படி ஆண்வழி மூத்தவருக்கே வாரிசுரிமை. ஆகவே சிறுமிகள் இருந்த இடம் அவர்களின் தாத்தாவுக்குப் போக வேண்டும். 2004 அக்டோபரில் நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. மரபுச் சட்டத்தை அரசியலமைப்பு மதிக்கிறது, சமத்துவத்துக்கு உட்பட்டு மதிக்கிறது என்பது சாரம்.

எதிர்த் திசையிலிருந்து வந்தது மூக்குத்தி வழக்கு. டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ஒவ்வொரு காதிலும் ஒரு சிறு தோடு போடலாம், வேறு நகை கூடாது என்பது விதி. 2004 விடுமுறையில் தென்னிந்திய வழிவந்த ஒரு மாணவிக்கு மூக்குக் குத்தினார்கள். பள்ளி கழற்றச் சொன்னது. தாயார் எழுதிக் கொடுத்த விளக்கம் தமிழ் வாசகருக்கு உரை தேவையில்லாதது: பெண் ஆளானதும் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார். நாகரிகத்துக்காகப் போட்டதல்ல. பள்ளி அசையவில்லை. சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம், உயர் நீதிமன்றம் மாணவியின் பக்கம், கடைசியில் விஷயம் ஜோகன்னஸ்பர்க் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய கோட்டைச் சிறை வளாகத்தில், இடித்த சிறைச் செங்கற்களை வைத்தே கட்டிய நீதிமன்றம் அது.

வழக்கின் முடிச்சு இது: மூக்குத்தி இந்து சமயத்தில் கட்டாயமா? இல்லை, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கட்டாயமில்லாததை விடச் சொன்னால் என்ன பாதகம் என்றது பள்ளி. தலைமை நீதிபதி பியஸ் லங்கா 2007 அக்டோபர் 5 அன்று தந்த தீர்ப்பு இதை மறுத்தது. ஒருவர் மனமுவந்து செய்வதும் கடமையாகச் செய்வதைப் போலவே அவருடைய அடையாளத்தில் ஊன்றியிருக்கலாம். கட்டாயமா என்று கேட்பதைவிட, அது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்பதே முறை. இவளுக்கு விட்டால் நாளை ஆளாளுக்குக் கிளம்புவார்களே என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. பிள்ளைகள் தங்கள் மரபை அஞ்சாமல் சூடி வருவது கொண்டாட வேண்டியது என்ற தொனியில் எழுதினார். நீதிபதி கேட் ஓரெகன் ஒரு நுட்பமான இடத்தில் வேறுபட்டார்: இதைச் சமயம் என்று சொல்ல ஆதாரமில்லை, பண்பாடு என்றே பார்க்க வேண்டும், சமயம் தனி ஆளின் மனத்துக்குள்ளும் வாழும், பண்பாடு பிறரோடு சேர்ந்தே வாழும். ஓரெகன் சொன்னது எனக்குக் கூடுதல் சரி என்று படுகிறது. வைர மூக்குத்தியோடு காத்திருந்த பாட்டியில்லாமல் இந்த வழக்கே இல்லை.

தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியைவிட்டுப் போய்விட்டாள். சமய, பண்பாட்டு வழக்கங்களுக்கு விலக்குக் கேட்கவும் பரிசீலிக்கவும் வழிசெய்து விதிகளைத் திருத்தும்படி பள்ளிக்கு உத்தரவானது. மாணவிகளையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் கலந்துகொண்டு திருத்த வேண்டும். சீருடையை ஒழிக்கச் சொல்லவில்லை. சீருடை இருக்கட்டும், கேட்பவருக்குக் காது கொடு என்றது.

இந்த நீதிமன்றம் எல்லோருக்கும் இப்படி இரங்கியதா? இல்லை. 2002இல் ரஸ்தஃபாரியன் சமயத்தைச் சேர்ந்த ஒருவர், வழிபாட்டில் கஞ்சா புகைப்பதால் வழக்கறிஞராகப் பதிய முடியவில்லை என்று வந்தபோது, நான்குக்கு ஐந்தாகத் தோற்றார். மூக்குத்தி யாரையும் பயமுறுத்தவில்லை, கஞ்சா பயமுறுத்தியது.

பிரிவு 235

*கருத்து: தென்னாப்பிரிக்க மக்கள் முழுமைக்கும் உரிய சுயநிர்ணய உரிமை, பொதுப் பண்பாடும் மொழியும் கொண்ட ஒரு சமூகத்தின் சுயநிர்ணயத்தை, நாட்டின் ஒரு நிலப்பகுதிக்குள்ளோ தேசியச் சட்டம் வகுக்கும் வேறு வழியிலோ ஏற்பதைத் தடுக்காது.*

சுற்றி வளைத்த வாசகம். 'தரும்' என்று சொல்லவில்லை, 'தடுக்காது' என்கிறது. தனி ஆஃப்ரிகானர் நாடு கேட்டு ஆயுதம் வரை யோசித்த ஜெனரல் கான்ஸ்டண்ட் விலோனைத் தேர்தலுக்குள் கொண்டுவர 1994 ஏப்ரலில் போட்ட உடன்படிக்கையின் எச்சம் இது. கதவை மூடவில்லை; சாவியை நாடாளுமன்றத்திடம் கொடுத்தார்கள். அந்த நாடு இன்றுவரை அமையவில்லை. அதற்குப் பக்கத்தில் வருவது ஆரஞ்சு ஆற்றங்கரையில், ஒரு தனியார் நிறுவனத்தின் நிலத்தில், ஆஃப்ரிகானர்கள் மட்டும் குடியிருக்கும் ஒரேனியா என்ற சிற்றூர். நிறவெறிக் கொள்கையின் தலைமைச் சிற்பி வெர்வூர்டின் மனைவி முதுமையில் அங்கேதான் இருந்தார்; 1995இல் குடியரசுத் தலைவர் மண்டேலா அங்கே போய் அவரோடு தேநீர் குடித்தார். ஊருக்குத் தனிக் கொடி உண்டு. பாஸ்போர்ட் மட்டும் பிரிவு 3 தருகிற அதே பாஸ்போர்ட்தான், சாட்ஸ்வர்த் மூட்லிக்கும் சொவெட்டோ சோசாவுக்கும் கொடுக்கிற அதே அலுவலகம் கொடுப்பது.